இடது அலமாரி பதினோரு கிலோ

சால்மியா. ஐந்தாவது மாடி.
லிப்ட் காலையிலேயே படுத்துவிட்டது.
மதாம் ஒதீல் கெர்வெர்ன் ஊருக்கே திரும்புகிறார்,
வீட்டைக் கட்ட வந்திருக்கிறோம்,
நானும் தில்பகதூரும். கீழே லாரியில் ரம்ஸி.
வெளியே ஜூலை மாதத்துத் தூசி.
கடல் எந்தப் பக்கம் என்று ஜன்னலுக்கே தெரியவில்லை.

மெத்தை, பாத்திரம், பியானோ ஸ்டூல்
(பியானோ போன மாதமே விற்றாயிற்று)
எல்லாம் பதினோரு மணிக்குள் இறங்கிவிட்டன.
புத்தகம்தான் பாக்கி.
இரண்டு அலமாரி. இரண்டிலும் ஒரே ஆளின் பெயர்.

இடது பக்கம் அவர் எழுதியது என்றார் மதாம்.
ஒன்பது நாவல், ஆறு நாடகம்.
வலது பக்கம் அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியது.
தராசில் வைத்தேன்.
இடது பதினோரு கிலோ.
வலது நாற்பத்து மூன்று.

யார் இந்த ஆள், என்றான் தில்பகதூர்.
கதை எழுதினவர். நாடகமும்.
செத்துட்டாரா?
இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே,
உயிரோடு இருந்தால் விட்டிருப்பாரா?

நான் காரைக்கால்.
எங்கள் தெருவில் பாதி வீடு சொல்தா வீடு,
மாதம் பிறந்தால் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும்.
எங்களுக்கு வரவில்லை; பள்ளிக்கூடத்தில்
எட்டாவது வரைக்கும் பிரெஞ்சுதான் வந்தது.
அதை வைத்துக்கொண்டு முதுகுகளை எழுத்துக்கூட்டினேன்.
அவருடைய பிள்ளைப் பருவம் பற்றி ஒன்று.
அவர் தம்பியோடு போட்ட சண்டை பற்றி ஒன்று.
அவர் நாடகங்களில் யாரும் பேசாத இடங்கள் பற்றி,
செங்கல் கனத்தில், ஒன்று.
அவரைப் பற்றிய புத்தகங்களைப் பற்றியே ஒன்று.
அதன் ஆசிரியர் பெயர்: ஒதீல் கெர்வெர்ன்.

நிமிர்ந்து பார்த்தேன்.
மதாம் சமையலறையில்
கடைசிக் கோப்பையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

கம்பெனியிலிருந்து போன்:
அளவுக்கு மேல் நாற்பது கிலோ.
பணம் கட்டணும், இல்லை சாமானைக் குறைக்கணும்.
சொன்னேன். மதாம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு
வலது பக்கம் கையை ஆட்டினார்,
ஈ ஓட்டுகிற மாதிரி.
உங்கள் புத்தகமும் அதில் இருக்கிறதே, மதாம்?
பதினெட்டு வருஷம் என்றார்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இடது அலமாரியின் கடைசி நாடகம் ஒல்லி,
முதுகில் டேப் ஒட்டியிருந்தது.
பெட்டிக்குள் போடும்போது தானாய் விரிந்தது.
ஒரே ஒரு பாத்திரத்தின் வசனத்துக்கு மட்டும்
பச்சைப் பென்சில் கோடு.
வேலைக்காரி.
நாடகம் முழுக்க அவளுக்கு ஒன்பதே வரி.
நிற்கிறாள், தட்டு எடுக்கிறாள், போகிறாள்.

நடுவில் ஒரு வரி எனக்குப் புரிந்தது.
புரிந்த சந்தோஷத்தில் வாய்விட்டே படித்துவிட்டேன்,
எட்டாம் வகுப்பு பெஞ்சில் எழுந்து நிற்பவன் குரலில்:
லா போர்த் ஏ துவேர்த், மிசியே.
கதவு திறந்துதான் இருக்கிறது, ஐயா.

சமையலறையில் காகிதச் சத்தம் நின்றது.
பிறகு அங்கிருந்தே,
ஆண்குரலாய்த் தாழ்ந்து, ஒரு வார்த்தை தடுமாறாமல்
வந்தது முதலாளியின் பதில்.
பக்கத்தில் விரல் வைத்துத் தேடினேன். இருந்தது:
அப்படியானால் ஏன் இன்னும் ஒருவரும் வரவில்லை?

அடுத்தது என் வரி.
அவள் வரி, பச்சைக் கோடு போட்டது.
இரண்டு வார்த்தை எனக்குத் தெரியாதவை.
தெரிந்ததை மட்டும் சொன்னேன்.
மதாம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித்
துடைத்துக்கொண்டிருந்தார்.
பத்தொன்பது வயசில், என்றார்.
ஒரே ஒரு இரவு. மண்டபத்தில் முப்பது பேர்.

இடது பெட்டிக்கு டேப் ஒட்டினேன்.
படிவத்தில் மதிப்பு என்ற கட்டத்தை
அவரே கோடு போட்டு அடித்தார்.
வலது அலமாரியை வாட்ச்மேன்
பழைய பேப்பர் விலைக்குக் கேட்டிருக்கிறான்.
சாயங்காலம் வருவானாம்.

பெட்டியைத் தோளில் ஏற்றி
நூற்றுப் பத்துப் படி இறங்கத் திரும்பியபோது
லிப்டுக்கு உயிர் வந்தது.
ஐந்தாவது மாடியில் நின்றது, கதவு திறந்தது.
உள்ளே யாரும் இல்லை.