ரிகோத்தி வழி

லமாரா டாக்டர் தாளில் இரண்டு கோடு போட்டார்.
வயிற்றைத் திறந்து போவது ஒன்று.
ஆசனவாய் வழியே
நரம்பு முளைக்காத குடலைக்
கீழே இழுத்து வெட்டுவது இன்னொன்று. தழும்பில்லை,
சீக்கிரம் வீடு.
பக்கத்தில், ஐம்பது நாள் வயிறு
மத்தளமாய் உப்பிக் கிடந்தது.

ஜும்பேர் பதினோரு வருடமாய்
ரிகோத்தியில் லாரி ஓட்டுகிறவன்.
மலையேறியும் போயிருக்கிறான், சுரங்கத்திலும்.
"பள்ளிக்கூடம் போகும்போது?
கால்சட்டை அழுக்காகாமல்?"

டாக்டர் பேனாவை மூடினார்.
"அதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.
தழும்பைத்தான் எண்ண முடிகிறது."

கையெழுத்து கீழ்வழிக்கு.

மூன்றாம் நாள் விடியலில்
குத்தாய்சி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்
போனில் கத்தினான்:
"போயிட்டான் மக்வாலா, போயிட்டான்!"
பதறி ஓடிவந்த செவிலி
நின்றுவிட்டாள்.
அவன் உயர்த்திப் பிடித்த கையில்
மஞ்சள் அப்பிய துணி.