வரவேண்டியவை

பள்ளத்தூரில் எனக்கு வேலை
வீட்டைப் பிரிப்பதல்ல,
பிரித்ததாகத் தாளில் எழுதுவது.
இங்கே குடும்பத்தைப் புள்ளி என்பார்கள்.
முப்பத்தேழு புள்ளி, ஒரே கூரை.
எட்டில் ஒன்று, அதில் மூன்றில் ஒன்று, அதிலும் பாதி என்று
சிங்கப்பூர் சாத்தப்பனுக்கு வந்தது
நாற்பத்தெட்டில் ஒரு பங்கு.
வளவில் எழுபத்திரண்டு தூண்.
அவருடையது ஒன்றரை.

பங்கு சிறுக்கும், தீராது.
அரை, கால், அரைக்கால், மாகாணி,
முந்திரி, கீழ்முந்திரி, இம்மி
என்று பெயர் வைத்துக்கொண்டே போனவர்கள்
எங்கோ ஓரிடத்தில் களைத்துவிட்டார்கள்.
எண் களைக்கவில்லை.

இரும்புப் பெட்டியில் பழைய பேரேடுகள்.
மூலப் பத்திரம் தேடப் போய்
முதல் பக்கங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
1931: முன் ஏட்டிலிருந்து கொண்டுவந்தது.
1908: முன் ஏட்டிலிருந்து கொண்டுவந்தது.
அதற்கும் அடியில் பூச்சி தின்ற ஓலைக்கட்டு,
தொடக்கத்திலேயே பழைய பாக்கி.
எல்லாவற்றுக்கும் முந்திய ஏடு ஒன்று இருந்தால்
அதில் பிள்ளையார் சுழி போட்டவன்
எழுத்தாணியை யாரிடம் கடன் வாங்கினான்?

ஏழரைக்குக் கரண்ட் போனது.
கணினி இருபது நிமிடம் தாக்குப்பிடித்து அணைந்தது.
என்னோடு டாலி போட வந்த செல்வராணியும் நானும்
வளவு வாசலில் அண்ணாந்து நின்றோம்.
நான்கு ஓடுவரிசைக்கு நடுவே
நீள்சதுரமாக வெட்டிய வானம்.
அவள் எண்ணினாள்: முப்பத்தொரு புள்ளி.
மிச்சமெல்லாம் கறுப்பு.

“இந்தக் கறுப்பு தப்பு சார்” என்றாள்.
காரைக்குடியில் பௌதிகம் முடித்துவிட்டு
எங்கள் ஆபீசில் ஜிஎஸ்டி பார்ப்பவள்.
“இந்த வளவு முடியவே முடியாதுன்னு வச்சுக்குங்க.
எந்தப் பக்கம் பாத்தாலும்
கடைசியில ஒரு தூண் மறிக்கும்.
சந்தே இருக்காது.
அதே மாதிரி நட்சத்திரத்துக்கும் முடிவில்ல,
என்னைக்கும் இருந்துச்சுன்னா
ராத்திரி வானம் தூண்தூணா எரியணும்.
ஏன் எரியல?”

எனக்குத் தெரியவில்லை.

“ஆரம்பிச்சு இவ்வளவு நாள்தான் ஆச்சு.
தூரத்து வெளிச்சம் இன்னும் வழியில இருக்கு.”

அதற்கு எங்கள் தொழிலில் பெயர் உண்டு என்றேன்:
வரவேண்டியவை.
கையில் இல்லாவிட்டாலும்
சொத்துப் பக்கத்தில்தான் எழுதுவோம்.
அப்படியானால் இந்த இருட்டு
ஐந்தொகையில் பெரிய சொத்து.

“சிலது விலகிப் போய்க்கிட்டே இருக்கு சார்.
எத்தனை காலம் ஆனாலும் அந்த வெளிச்சம் நமக்கு வராது.”

அது வராக்கடன்.

சிரித்தாள். கொசு கடித்தது.
அப்போது காலத்துக்கு ஒரு முதல் பக்கம் உண்டு,
சரி, கடைசிப் பக்கம்?
இந்த வானம் அகலத்தில் எங்காவது நிற்குமா?
“அதை இருட்டு சொல்லாது” என்றாள்,
அலுவலகத்தில் ரசீது இல்லை என்று சொல்லும்
அதே குரலில்.

கரண்ட் வந்தது.
வாசல் விளக்கு ஒன்று எரிந்ததும்
முப்பத்தொன்றும் காணாமல் போயின.
கூடவே போனில் சாத்தப்பன்.
ஆண் குழந்தை, மூன்றே கால் கிலோ,
தாயும் சேயும் நலம்,
தாளில் ஒரு வரி கூட்டவேண்டும்.

நாற்பத்தெட்டை அடித்து
தொண்ணூற்றாறு என்று எழுதினேன், இரண்டு முறை.
பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு.
பெயரில்லாத அந்த ஆளுக்கு
இப்போதே முக்கால் தூண் சொந்தம்.
எந்தத் தூண், மேலேயா கீழேயா முக்கால்
என்று செல்வராணி கேட்டாள்.

தட்டச்சுக்குப் புதுத் தாள் எடுத்தேன்.
விரல் தானாகவே அடித்தது:
முன் தாளிலிருந்து