நாலு இழுப்பு

தமினா என்று எழுதியிருக்கிறது பலகையில்.
ஓர் எழுத்து பிசகினால் என் மொழி.
முதல்நாள் பேருந்திலிருந்து அப்படித்தான் வாசித்தேன்,
வாசித்துவிட்டு வெட்கப்பட்டேன்.

பாட் ராகாஸ் குளியல் விடுதியில்
துவாய் மடிப்பவள் நான்.
நாளொன்றுக்கு எண்ணூறு.
நாலு கிலோமீற்றர் குழாய்க்குள் நடந்து
களைக்காமல் வந்து சேரும் வெந்நீரை
அதைத் துடைத்த துணியாய் மட்டுமே அறிவேன்.
இன்று செவ்வாய், விடுமுறை.
அது பிறக்கும் இடம் பார்க்க வந்திருக்கிறேன்.

இரண்டு பாறைகள்,
காணி வழக்கில் பேச்சறுந்த சகோதரர்போல
தொட்டும் தொடாமலும்
எழுபது மீற்றர் உயரத்துக்கு நிற்கின்றன.
வானம், கதவிடுக்கில் விட்ட வெளிச்சம்.
கீழே ஆறு தன் கல்லைத் தானே அரைத்துக்கொண்டு
யாருக்கும் காது கொடுக்காமல் போகிறது.

காக்கைக் குஞ்சு பிடிக்க இறங்கிய வேடன்
ஆவியைக் கண்டு முதலில் பேய் என்றான்,
பிறகு கையை விட்டுப் பார்த்தான்.
கன்னியாவில் இராவணன் வாளூன்றி
ஏழு கிணறு திறந்தது தாயின் கிரியைக்கு.
இங்கே சாவுமில்லை, வாளுமில்லை,
பசித்த ஒருவனின் கை.

மிச்சத்தை ஃபட்ரீனா சொன்னாள்,
இஸ்திரி அறையில், வேறொரு ஆவிக்கு நடுவே.
அவள் பொய்யும் சொல்வாள்.
துறவிகள் காலத்தில் பாதை இல்லையாம்.
நோயாளியைக் கூடையில் இருத்தி
தலைசுற்றாதிருக்கக் கண்ணைக் கட்டி
கயிற்றில் இறக்குவார்களாம்.
ஏழு பகல், ஏழு இரவு,
தோல் வெடிக்கும்வரை நீருக்குள்ளேயே
உண்டு, உறங்கி, பாடி, பிணங்கி.
யோஸ் என்றொரு கயிற்றுக்காரன்
இறக்கும்போதும் ஏற்றும்போதும் நிறுப்பான்.
ஏறும்போது எடை குறைந்தால்
நோய் கீழே நின்றுவிட்டது என்று கணக்கு;
அந்த வித்தியாசத்துக்கும் காசு கேட்பான்.

கீழிருந்து குரல் எட்டாது, ஆறு தின்றுவிடும்.
கயிறுதான் பேச்சு.
ஒரு இழுப்பு: ரொட்டி.
இரண்டு: தூக்கு.
மூன்று: பாதிரியாரை அனுப்பு.

இலையெல்லாம் கொட்டி முடிந்த ஒரு மாதம்,
மற்றவர்கள் ஏறிவிட
எல்ஸ்பெத் மட்டும் கீழே.
சாயக்காரன் மனைவி, மடங்காத முழங்கால்.
அன்றிரவு கயிறு அசைந்தது.
நாலு.

நாலுக்கு அர்த்தம் பேசி வைத்திருக்கவில்லை.
ரொட்டியும் பாதிரியாரும், என்றான் ஒருவன்.
இரண்டும் இரண்டும், இருவரைத் தூக்கச் சொல்கிறாள்,
அந்த மற்றவர் யார், என்று
சிலுவை போட்டுக்கொண்டான் யோஸ்.
கை தவறியிருக்கும், படுங்கள், என்றான் மூன்றாமவன்.

பிறகு? என்றேன்.
பிறகென்ன, மெஷின் நின்றுவிட்டது பார் என்று
அடுத்த மூட்டையை அள்ளிக்கொண்டு போனாள் ஃபட்ரீனா.

எங்களிடமும் ஒரு கணக்கு இருந்தது,
காசு செலவாகாத கணக்கு.
ஒரு மிஸ்ட் கோல்: வந்து சேர்ந்தோம்.
இரண்டு: பணம் கிடைத்தது.
மூன்று: நீ எடு.
அந்தச் சித்திரையில் ஒரு விடியற்காலை
ஈரத் துணிக்குள் முழங்கைவரை நான் நிற்க
ஏப்ரன் பைக்குள் துடித்து அடங்கியது.
நாலு.
அண்ணியின் இலக்கம்.
கை தவறியிருக்கும் என்று நினைத்தேன்.
வேலை முடியட்டும் என்றும் நினைத்தேன்.
முடிந்தபின் அந்த இலக்கம்
ஒரு பெண்குரலில், மூன்று மொழியில்,
பாவனையில் இல்லை என்றது.

நடைபாலம் முடிய, குகை. கண்ணாடிக்கு அப்பால் ஊற்று,
இப்பால் தொட்டுப் பார்க்க ஒரு சிறு தொட்டி.
முப்பத்தாறரை பாகை என்று எழுதியிருக்கிறது.
கையை விட்டேன்.
சுடவில்லை. குளிரவுமில்லை.
எங்கே கை முடிகிறது என்று பிடிபடவில்லை.
காய்ச்சல் விட்ட நெற்றியைத் தொட்டதுபோல
யாருடைய சூடென்று தெரியாத ஒரு சூடு.

கடைசிப் பேருந்து நான்கு இருபதுக்கு.
பின்னால் சைக்கிள் தொப்பியோடு ஒருவர்
தன் முறைக்குக் காத்து, இருமுறை செருமிவிட்டார்.
நான் இன்னும் எடுக்கவில்லை.