நொடிக்கு முப்பது

மரிபோரில் நவம்பர் மூடுபனி.
திராவா ஆறு எங்கே ஓடுகிறது என்பதை
பாலத்து விளக்குகளை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.
பேருந்துப் பணிமனை மாடியில்
வோய்கோ அதைப் பெட்டியிலிருந்து தூக்கினான்.
மூடிப்போன விளம்பர நிறுவனமொன்றின் ஏலத்தில்
அடிமாட்டு விலைக்கு வந்த திரை.
என் மேசையைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

மேசைக்கடியில் பதின்மூன்று வயதுக் கணினி.
குளிர்காலத்தில் என் கணுக்கால்களுக்கு அதுதான் கணப்பு.
அதன் விசிறி தினமும் காலையில்
தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வேலைக்கு வரும்.

குருவி தலையில் பனங்காய்.

முதல் கம்பியைச் செருகியதும்
"எல்லைக்கு அப்பால்" என்று வெள்ளை எழுத்தில் சொல்லிவிட்டு
திரை தூங்கிப்போனது.
வோய்கோ இழுப்பறையைக் கவிழ்த்து
வேறொரு கம்பி தேடினான்.
அதில் விழித்தது.
கடுகைக் கொட்டியது போல எழுத்துகள்.
கையை நகர்த்தினேன்.
அம்பு கொஞ்சம் யோசித்தது.
பிறகு வந்தது.

"நொடிக்கு முப்பது தடவைதான் படம் மாறும், ஸ்டென்கா.
அறுபதுக்கு இதன் வாய் பத்தாது.
புது அட்டை போடலாம்.
போட்டால் மின்பெட்டியை மாற்ற வேண்டும்.
அதை மாற்றினால்..."
அவன் முடிக்கவில்லை.
கணக்குப் பிரிவு ஹ்ரிபெர்னிக் அம்மாளை
இருவருக்கும் தெரியும்.

"இல்லையென்றால் பாதியாகக் குறைத்துவிடுகிறேன்.
நான்கு புள்ளிகள் சேர்ந்து ஒரு புள்ளியாக நிற்கும்.
அம்பும் ஓடும், எழுத்தும் பெரிதாகும்."
"மொத்தம் எத்தனை புள்ளி?"
"எண்பது லட்சத்துக்கு மேல்."
"அதில் முக்கால்வாசி சும்மா இருக்குமா?"
"சும்மா இல்லை. பக்கத்திலிருப்பது சொல்வதை
அப்படியே திருப்பிச் சொல்லும்."

வாராந்தரக் கூட்டங்களில் நான் செய்வது.

"வேண்டாம், வோய்கோ. மெதுவாகவே வரட்டும்."

கால அட்டவணையைத் திறந்தேன்.
பதினொரு வருடமாக இதைத்
துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன்.
காலையைப் பார்ப்பேன், இழுப்பேன், மதியம் வரும்.
மதியத்தை இழுத்தால் இரவு வரும்,
அதற்குள் காலை
இடப்பக்கம் எங்கோ விழுந்திருக்கும்.

இப்போது முழு நாளும் கிடக்கிறது,
அதிகாலை 4:35 முதல் இரவு 23:10 வரை
எதையும் இழுக்காமல்.
இரண்டாவது கண்ணாடியை
முதல் கண்ணாடிமேல் போட்டுக்கொண்டேன்.

ஒரே வரிசை.
இந்தக் கரையில்: கடைசி ரயில், வருகை 22:43.
அந்தக் கரையில்: ஆறாம் எண், கடைசி வண்டி, புறப்பாடு 22:40.

இரண்டையும் தட்டச்சு செய்தவள் நான்தான்.
இரண்டுமே சரி. இரண்டு முறை சரிபார்த்தவை.
ஒன்றையொன்று
இன்றுதான் பார்த்துக்கொள்கின்றன.

பின்னிரவில் வீடு திரும்பும்போது
பாலத்தில் சிலர் நடந்துபோவார்கள்.
பனியில் பெட்டிச் சக்கரங்கள் கடகடக்கும்.
நடக்கப் பிடித்தவர்கள் என்று நினைத்திருந்தேன்.
ஒருமுறை ஒரு பெண், ஒரு கையில் பெட்டி,
இன்னொரு கையில் தூங்கும் குழந்தை.
நான் வேகத்தைக் குறைத்தேன்,
சேறு தெறிக்கக் கூடாதென்று.
அந்தக் கரிசனத்துக்காக
அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும்
நினைவிருக்கிறது.

புகார் ஏதும் வந்ததில்லை.
மூன்று நிமிடத்துக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

"என்ன?" என்றான் வோய்கோ, கம்பிகளைச் சுருட்டியபடி.
"ஒன்றுமில்லை."

எட்டு நிமிடம் தள்ளினால் ஓட்டுநர் சில்வோ கத்துவான்.
அவனுடைய வீடு, அவனுடைய சூப்பு,
அவனுடைய நாய்.
கத்தட்டும். அவனுக்கும் இந்த வரிசையைக் காட்டுவேன்,
மூக்கைத் திரையில் ஒட்டவைத்து.

கட்டத்தை நோக்கி அம்பை நகர்த்தினேன்.
அது பின்தங்கியது.
கையை எடுக்காமல்
அரை மூச்சு காத்திருந்தேன்.
வந்து சேர்ந்தது.
22:48.

காலடியில் விசிறி செருமியது.
கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டு
ஏழாம் எண்ணின் வரிசைக்குப் போனேன்.