செவ்வாய், மூன்று பத்து

சீனக்குடா மா ஆலையில் இரவு வேலை எனக்கு.
ஐம்பது கிலோ மூட்டைகள் பெல்ற்றில் வந்து குந்தும்,
நான் வாய் தைப்பேன்.
விடியக் கண்ணாடி பார்த்தால்
இமையில், காதுமடலில், மூக்கு மயிரில் கோதுமை.
"வெள்ளை மா உமக்குக் கூடாது" என்றார் கிளினிக் டொக்டர்.
என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இருநூற்றிப் பதினாலு.
குடாவில் கப்பல் நிற்பதுபோலச்
சீனி என் இரத்தத்தில் நங்கூரம் போட்டு நின்றது.

மெசின் ஒன்று வாங்கினேன், உள்ளங்கை அளவு.
கொப்பி ஒன்றும்.
மூட்டைக் கணக்கு எழுதும் அதே கையெழுத்தில்
தின்றதையும் குத்தியதையும் எழுதினேன்.

பாண் கால் றாத்தல், சம்பலோடு:
ஒரு மணித்தியாலத்தில் இருநூற்று நாற்பது.
இரண்டாவதில் பசி
கதவு தட்டாமலே உள்ளே வந்து நின்றது.
வெள்ளை இடியப்பம் ஏழு, சொதி விட்டு:
வயிறு அறியுமுன் இரத்தம் அறிந்தது.
குரக்கன் பிட்டு:
எண் ஏறப் பஞ்சிப்பட்டது.
அவித்த கௌபி, தேங்காய்ச் சொட்டோடு:
பத்து மணிக்குத் தின்றது
இரண்டு மணிச் சைரனுக்கும் காவல் நின்றது.
(காற்றும் பிரிந்தது. சுமனபால
மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான்.)
கிண்ணியாத் தயிர், பாணி விடாமல்: நல்ல பிள்ளை.
பாணி விட்டு:
அந்த வரியை நான் நிரப்பவில்லை.

பிறகொரு நாள் கண்டுபிடித்தேன்.
அதே கோப்பை, அதே சோறு, அதே கீரிமீன், அதே வல்லாரை.
சோறு முந்தினால் ஒரு கணக்கு.
வல்லாரையும் மீனும் முந்திப்போய்ச்
சோறு கடைசியில் போனால்
முப்பது, நாற்பது குறைவு.
வரிசையில் யார் முன்னுக்கு என்பதில்தான் எல்லாம்.
மண்ணெண்ணெய்க்கு நின்றவனுக்கு
இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தின்றபின் நடக்கச் சொன்னார்கள்; நடந்தேன்.
டச்பே மணலுக்குப் போகும் வழியில் மான் ஒன்று
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலை
லஞ்ச் சீற்றோடு விழுங்கிற்று.
பிறகு வேம்பின் கீழ் படுத்து,
விழுங்கியதைத் திரும்ப வாய்க்குக் கூப்பிட்டு
அவசரமில்லாமல் அரைத்தது.
அதற்கு வயிற்றில் நாலு அறை.
எனக்கு ஒன்று,
அதையும் பத்து நிமிசத்தில் நிரப்பிவிட்டு எழும்புகிறவன்.

போன கிழமை
மெசினின் ஞாபகத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன்.
கொப்பியில் இல்லாத ஒரு எண்.
முன்னூற்றிப் பன்னிரண்டு.
செவ்வாய், பின்னேரம் மூன்று பத்து.

அந்நேரம் நான் நித்திரை.
வீட்டில் விழித்திருந்தது மரியகொறற்றி மட்டும்.

எனக்குக் குரக்கன் குழைத்தவள்,
எனக்கு வல்லாரை அரிந்தவள்,
நான் ஒதுக்கிய பாணை எறிய மனம் வராமல்
சீனி போட்ட பிளேன்ரீயில் தோய்த்துத் தின்றவள்.
"களைப்பாக் கிடக்கு" என்றாள் மாசியில் ஒருதரம்.
அப்போது நான்
என் விரலைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.

கேட்கவில்லை.
கேட்டால், "மெசின் பிழையாக் காட்டியிருக்கும்" என்பாள்.

இன்றிரவு லீவு சொல்லிவிட்டேன்.
மேசையில் இரண்டு கோப்பை.
சோறு மும்மூன்று கரண்டி, மீன்,
வல்லாரை கை நிறைய,
இரண்டிலும் ஒரே அளவு.
"முதல்ல இலை" என்றேன்.

கோப்பையைப் பார்த்தாள்.
மெசினைப் பார்த்தாள்.
பக்கத்தில் விரித்துக் கிடந்த கொப்பியில்
நடுவே நான் கீறிய கோட்டைப் பார்த்தாள்.
பிறகு வல்லாரையை அள்ளி வாயில் வைத்து
மென்றாள்,
கனநேரம் மென்றாள்.

"உப்புக் காணாது" என்றாள்.