இரண்டாம் பாகம்

கடைசிக்கு முந்தைய இருக்கைக்கு அடியில் கிடந்தது,
ஒற்றைக் கையுறையோடும்
பாதி தின்ற கிரனோலா பாரோடும்.
அட்டையில் தீப்பிடித்த கோபுரம்,
முதுகில் இரண்டு என்ற எண்.

காலை நடை முடிந்தால் மூன்றரை வரை வேலையில்லை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பஸ்ஸின் எஞ்சின் உறையாமலிருக்கப் பிளக்கைச் செருகிவிட்டு
காலை நீட்டிக்கொண்டு பிரித்தேன்.

முதல் வரியிலேயே ஒருத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.
யார், எதிலிருந்து, ஒருவரும் சொல்லவில்லை.
"அந்த இரவுக்குப் பிறகு" என்றார்கள் எல்லோரும்.
எந்த இரவென்று கேட்க எனக்கு வழியில்லை.
தெரியாத கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தவன் போல
தலையாட்டிக்கொண்டே போனேன்.

தூக்கத்தை ரேஷனில் அளந்து கொடுக்கும் நகரம் அது.
ஆளுக்கு நான்கு மணி நேரம், அட்டையில் முத்திரை.
வென்னாவின் இடக்கையில் ஒரு விரல் இல்லை,
கதை அதை விளக்கவுமில்லை.
டோரிக்கை மட்டும் எனக்கு உடனே பிடித்துவிட்டது.
அதிகம் பேசமாட்டான்.
தன் அட்டையைக் கிழித்துப் பாதித் தூக்கத்தை
அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கிறான்.

நடுவில் நூற்றுப்பத்துப் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை.
நடந்தார்கள், பசித்தார்கள், சண்டை போட்டார்கள்,
மறுபடி நடந்தார்கள்.
எனக்கு அலுக்கவில்லை.
பத்தொன்பது வருடமாய் நான் ஓட்டுவதும் அதைத்தான்:
வீட்டில் என்ன ஆரம்பித்ததோ,
பள்ளியில் எப்படி முடியுமோ,
என் கண்ணாடியில் தெரிவது
இடையில் ஒரு நாற்பது நிமிடம்.

டோரிக் பாலத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்க
புத்தகம் முடிந்துபோனது.
முடிந்தது என்றா சொல்வது? நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ட்வைலா பெட்ரிஷின்
படியில் நின்று கேட்டாள், என் புத்தகம் பார்த்தீங்களா?
கொடுத்தேன்.
கடைசிப் பக்கத்தில் என் டீசல் ரசீதைப் பார்த்துவிட்டாள்.
படிச்சீங்களா? இதை மட்டுமா?
ஆமென்றேன். டோரிக் பிழைப்பானா என்றேன்.
பின்னால் பையன்கள் தள்ளினார்கள், அவள் நகரவில்லை.
"டோரிக்கா? ஐயோ, கார்னெட்,
அவன்தானே அவள் விரலை வெட்டினது.
முதல் பாகத்துல எல்லாரையும் காட்டிக்கொடுத்ததே அவன்தான்."

கதவை மூடினேன். பிரேக்கை விடுவித்தேன்.
சரளைச் சாலையின் குறுக்கே
பொடிப்பனி தாழ ஓடிக்கொண்டிருந்தது.
முதல் பாகம் நூலகத்தில் இருக்கிறதாம்,
மூன்றாவது அக்டோபரில் வருமாம்.
எடுத்து வரட்டுமா என்று பின்னாலிருந்து கத்தினாள்.
வேண்டாமென்றேன்.

யார்க்டனில் ஒரு வீடு இருக்கிறது.
அங்கே இரண்டு பேருக்கு
என் முதல் பாகம் மனப்பாடம்.
இவளுக்கு நான்
காலை ஏழு ஐம்பதுக்கு விளக்கு மின்ன நிற்கிறவன்,
மறந்ததை எடுத்து வைக்கிறவன்.

அந்த ஒற்றைக் கையுறை அவளுடையது இல்லையாம்.
டாஷ்போர்டிலேயே கிடக்கிறது.