பின்னால் வைக்கும் கால்

நடவென்றால் பின்னால்தான் நகர வேண்டும்.
யோகமலருக்கு அது வரவில்லை.
திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே சம்பா வயல்.
பன்னிரண்டு பேர் வரிசையில்
நாற்றுமுடியோடு அவள் மட்டும் நின்றாள்,
முழங்கால் வரை சேறு.

வரப்பிலும் பார்த்திருக்கிறேன்:
என் ஈரத் தடத்திலேயே மிதித்து வருவாள்.
முகமாலையில் பழகியதாம்.
"மிதிவெடி அக்கா. தடம் கிடந்தா
ஆள் தப்பினது எண்டு அர்த்தம்."

சேற்றில் தடம் நிற்பதில்லை.
கால் எடுத்த கணமே மூடிக்கொள்கிறது.

மேஸ்திரி கத்தினார்.
அவள் முதுகுக்குப் பின்னால் போய்க் குனிந்தேன்.
துழாவியதில் ஒரு நத்தை,
ஒரு பீங்கான் சில்லு, போன போகத்துத் தாள்.
எறிந்துவிட்டு, "வை" என்றேன்.
வைத்தாள். நாலு குத்து நட்டாள்.
மறுபடி நின்றாள்.

அரை நாள் கூலி பிடித்தார்கள், இருவருக்கும்.

இப்போது நானும்
திரும்பிப் பார்க்காமல் கால் வைப்பதில்லை.
இது என் ஊர் வயல்.